மிகிந்தலை மலைக்குப் போகும்போது: எதை எந்த வரிசையில் பார்ப்பது, செருப்பை எங்கே கழற்றுவது

வவுனியாவில் எங்கள் வீட்டுக்கு வருகிற உறவினர்களில் பாதிப்பேர், அனுராதபுரத்துக்குப் பக்கத்தில் பழைய பௌத்த மடாலயம் உள்ள மிகிந்தலை மலையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். அப்படிப் பல தடவை கூட்டிப்போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் எங்களைச் சுற்றி ஒரே காட்சிதான். பத்து மணிக்கு மேல் ஏறத் தொடங்குகிறவர்கள் வழியில் கண்ட எல்லா இடத்திலும் நின்று படம் எடுக்கிறார்கள். மேலே போய்ச் சேரும்போது உச்சி வெயில். வெறுங்காலில் பாறையில் நிற்க முடியாமல், பார்க்க வந்ததைப் பாதியில் விட்டு இறங்குகிறார்கள்.

இந்த மலை கடினமான மலை இல்லை. வரிசை தவறினால்தான் கடினம். ஏறும் முன் மலையை நான்கு தட்டாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் பழைய மருத்துவமனை. முதல் தட்டில் இருந்து பிரிந்து போனால் கண்டக சைத்தியம். நடுத் தட்டில் பிக்குகளின் போசனசாலையும் சிங்கப் பொய்கையும். மேல் தட்டில் அம்பஸ்தல தாதுகோபம் (தாதுகோபம் என்றால் பௌத்தத் தூபி), அதைச் சுற்றி ஆராதனா கல் என்ற மொட்டைப் பாறை, மகா சேய என்ற பெரிய தாதுகோபம், மகிந்தர் குகை. கீழே சொல்லும் வரிசை இந்த நான்கையும் வெயிலையும் வெறுங்காலையும் கணக்கில் வைத்துப் போட்டது.

1. முதலில் நாளைத் தீர்மானியுங்கள்

ஜூன் மாதத்துப் பௌர்ணமி பொசொன் போயா. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர் தேவநம்பிய தீசன் அரசனை இந்த மலையில் சந்தித்த நாளாக அதைக் கொண்டாடுகிறார்கள். நாடு முழுவதிலும் இருந்து வெள்ளை உடுத்த மக்கள் வந்து குவிவார்கள். வழியெங்கும் தன்சல் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு கொடுப்பார்கள். அந்தப் பக்தியைப் பார்க்க வேண்டும் என்றால் அன்றைக்கே போங்கள், பார்க்க வேண்டியதுதான். ஆனால் கல்லையும் கட்டடத்தையும் நின்று பார்க்க முடியாது. படியில் கூட்டம் தள்ளுகிற வேகத்தில்தான் நடக்க முடியும்.

மடாலயத்தைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் போயா இல்லாத ஒரு வார நாளை எடுங்கள். மற்ற மாதப் போயாவிலும் கூட்டம் இருக்கும்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். மலை பச்சையாக, குளிர்ச்சியாக இருக்கும். பொய்கைகள் நிறைந்திருக்கும். ஆனால் ஈரப் பாறை வழுக்கும், அதனால் ஆராதனா கல்லைத் தவிர்க்க வேண்டி வரலாம். வைகாசி, ஆனி தொடங்கி சோளகக் காற்று வீசும் மாதங்களில் பாறை காய்ந்திருக்கும், காற்று ஆளைத் தள்ளும். எனக்குப் பிடித்தது பெப்ரவரி. மழை விட்டிருக்கும், பொய்கையில் இன்னும் தண்ணீர் நிற்கும்.

2. நேரம்: காலை ஏழு மணிக்குள் முதல் படியில்

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மேல் தட்டு முழுவதும் வெறுங்காலில் நடக்க வேண்டிய இடம். கருங்கல் ஒன்பதரைக்குச் சூடேறத் தொடங்கும், பதினொன்றுக்குக் கால் வைக்க முடியாது. குழந்தைகள் அழுவது அப்போதுதான்.

காலை முடியாவிட்டால் பிற்பகல் மூன்றரைக்கு மேல் ஏறுங்கள். சூரியன் அனுராதபுரப் பக்கம் இறங்குவதை மேலிருந்து பார்க்கலாம். ஆனால் இருட்டுக்குள் இறங்க வேண்டும் என்பதால் சில இடங்களை விட வேண்டி வரும். எல்லாம் பார்க்க நான்கு மணி நேரம் வேண்டும்.

3. உடுப்பும் பையும்

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும். வெள்ளை கட்டாயம் இல்லை. ஆனாலும் வெளிர் நிறம் போடுங்கள், வெயிலுக்கும் நல்லது. புத்தர் உருவம் அச்சிட்ட சட்டையோ பச்சை குத்தியதோ வேண்டாம். இலங்கையில் அது பெரிய விஷயம்.

ஒரு சோடி பழைய பருத்திக் காலுறை எடுத்துப் போங்கள். சப்பாத்தைக் கழற்றிய பிறகு காலுறையோடு நடக்கலாம். சூட்டுக்கும் சிறு கல்லுக்கும் அது போதும்.

ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். அடிவாரத்திலேயே வாங்கிவிடுங்கள். தின்பண்டம் கொண்டுபோனால் சிப் வைத்த பைக்குள் போடுங்கள். குரங்குகள் பொலித்தீன் பையைக் கண்டால் உள்ளே என்ன என்று பார்க்காமல் பறிக்கும். கையில் பையை ஆட்டிக்கொண்டு போன ஒரு சிறுவனிடம் இருந்து பறித்த பிஸ்கட்டை ஒரு குரங்கு மதில் மேல் இருந்து நிதானமாக ஒவ்வொன்றாகத் தின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

சில்லறைக் காசு வேண்டும். செருப்பு பார்ப்பவருக்குக் கொடுக்க, பூ வாங்க. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மேலே நுழைவுச்சீட்டு உண்டு. அதற்கும் இலங்கை ரூபாயாகவே கையில் வைத்திருங்கள்.

பூ வாங்கினால் முகர்ந்து பார்க்காதீர்கள். நம் கோயில் பழக்கம்தான் இங்கும். முகர்ந்த பூ பூசைக்கு ஆகாது.

4. வந்து சேர்வது

மிகிந்தலை அனுராதபுரத்துக்குக் கிழக்கே சுமார் 13 கிலோமீட்டர். யாழ்ப்பாணம், வவுனியாப் பக்கம் இருந்து ஏ9 வீதியில் வருகிறவர்கள் மதவாச்சி, ரம்பாவ தாண்டி மிகிந்தலையிலேயே இறங்கலாம்; அனுராதபுரம் போய்த் திரும்ப வேண்டியதில்லை. ரயிலில் வருகிறவர்கள் அனுராதபுரத்தில் இறங்கி பஸ் அல்லது ஆட்டோ பிடிக்க வேண்டும்.

ஆட்டோ பேசும்போது ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: இறக்கிவிடுவது எங்கே, ஏற்றிக்கொள்வது எங்கே? இந்த மலைக்கு அடிவாரத்தில் ஒரு வாகனத் தரிப்பிடம், நடுத் தட்டில் இன்னொன்று. நீங்கள் அடிவாரத்தில் தேட, அவர் நடுத் தட்டில் காத்திருக்க, அரை மணி நேரம் போய்விடும்.

5. படியா, வாகனப் பாதையா?

1840 படி என்பார்கள். அந்த எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தொடக்கப் படிகள் அகலமானவை, உயரம் குறைந்தவை. ஒரு படிக்கு ஒரு அடி எடுத்து வைத்து, பேசிக்கொண்டே போகலாம். இரண்டு பக்கமும் ஈழத்தலரி மரங்கள், காலையில் பூ உதிர்ந்து கிடக்கும். மேலே போகப் போகத்தான் செங்குத்து.

முழங்கால் வலி உள்ளவர்கள், சிறு குழந்தை தூக்குகிறவர்கள் வாகனப் பாதையால் நடுத் தட்டுக்குப் போய்விடுங்கள். ஏறக்குறைய பாதி ஏற்றத்தை ஏறாமல் தப்பலாம். ஆனால் அதற்கு மேல் அம்பஸ்தலவுக்குப் போகும் படிகள் செங்குத்தானவை, அதற்கு வாகனம் கிடையாது. முதியவர்களைக் கூட்டிவரும்போது இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். "வாகனம் மேலே போகும்" என்று மட்டும் சொல்லிக் கூட்டிவந்தால் அந்தப் படிகளைக் கண்டதும் அவர்கள் மனம் உடைந்துபோகும்.

வீட்டில் சிலர் நடக்க, சிலர் வாகனத்தில் வர நினைத்தால் போசனசாலைக்கு முன் சந்திப்பதாகப் பேசி வையுங்கள்.

6. செருப்பை அடிவாரத்தில் கழற்றாதீர்கள்

புதிதாக வருகிற நம்மவர்கள் அதிகமாகச் செய்கிற பிழை இது. கோயில் மலை என்றதும் கீழேயே கழற்றிவிடுகிறார்கள். என் மாமி ஒருமுறை வாகனத்திலேயே செருப்பை விட்டுவிட்டார். படி ஏறும்வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாகப் பொய்கைக்குப் போகும் மண் பாதையில் வேரும் கூர்க்கல்லும் குத்தி, பொய்கையைக் காணாமலே திரும்பினார். இத்தனைக்கும் அவர் கேட்டு வந்ததே அந்தப் பொய்கையைத்தான்.

படிகளில் செருப்போடு ஏறலாம். கழற்ற வேண்டியது தாதுகோப முற்றங்களிலும் அம்பஸ்தல வாசலிலும். எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய, பின்வார் உள்ள செருப்பு சிறந்தது.

7. ஏறும்போதே கண்டக சைத்தியம்

"ஏறும்போது நேரே மேலே போ, இறங்கும்போது பார்" என்பது என் பொது விதி. அதற்கு ஒரே விதிவிலக்கு இதுதான். முதல் தட்டுக்கு வந்ததும் வலப்பக்கம் சிறிய படிக்கட்டு ஒன்று பிரியும். இப்போதே ஏறிவிடுங்கள். திரும்பி வரும்போது பார்க்கலாம் என்று விட்டவர்கள் யாரும் போனதில்லை. இறங்கிவரும் கால் மறுபடி ஏற மறுக்கும்.

இன்னொரு காரணம் வெளிச்சம். இந்தத் தாதுகோபத்தின் அண்டம், அதாவது குவிந்த மேல்பகுதி, சரிந்துவிட்டது. நிற்பது சுமார் 12 மீட்டர் உயரம்தான். ஆனால் நான்கு திசையிலும் வாஹல்கட என்ற கல் முகப்புகள் உண்டு. அவற்றில் குள்ளப் பூதங்கள், அன்னங்கள், யானைகள். காலைச் சாய்வெயில் கிழக்கு முகப்பில் விழும்போது பூதங்களின் வயிற்று மடிப்புகூடத் தெரியும். உச்சி வெயிலில் அதே கல் தட்டையாக, வெறும் சாம்பல் நிறமாக இருக்கும்.

அப்புறம் சுற்றியுள்ள பாறைகளைப் பாருங்கள். இங்கே பிக்குகள் தங்கிய 68 குகைகள். குகை வாயில் மேல் பாறையில் ஒரு நீண்ட காடி வெட்டியிருப்பார்கள். மழைநீர் பாறையோடு வழிந்து உள்ளே வராமல், அந்த விளிம்பில் சொட்டி வெளியே விழும். சில இடங்களில் அதன் கீழ் பிராமி எழுத்துகள். மதுரைப் பக்கம் மாங்குளத்தில் சமணர் குகையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பழகிய இடம்போல் தோன்றும். அதே காடி, அதே குடும்பத்து எழுத்து.

இருபது நிமிடம் போதும். பிறகு படிக்குத் திரும்புங்கள்.

8. நடுத் தட்டைத் தாண்டிப் போங்கள்

போசனசாலை இடிபாடுகள் கண்ணில் படும். நிற்காதீர்கள். அங்கே செருப்போடு எந்நேரமும் பார்க்கலாம். மேலே உள்ளவற்றுக்குத்தான் நேரம் ஓடுகிறது. தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் மூச்சு வாங்கி, கடைசிப் படிகளை ஏறிவிடுங்கள்.

9. அம்பஸ்தல: இங்கே எல்லாம் கழற்றுங்கள்

மேல் தட்டின் வாசலில் செருப்பு, சப்பாத்து, தொப்பி எல்லாம் கழற்ற வேண்டும். தொப்பியை மறந்துவிடுகிறவர்கள் பலர். சீட்டு வாங்க வேண்டியவர்கள் இங்கே வாங்க வேண்டும்.

உள்ளே போனதும் நடுவில் சிறிய வெள்ளைத் தாதுகோபம், அதைச் சுற்றிக் கல் தூண்கள். இந்தத் தூண்கள் ஒரு காலத்தில் மேலே கூரையைத் தாங்கின. மாமரத்து இடம் என்பது அம்பஸ்தல என்ற பெயரின் பொருள். வலம் வருவது நம் முறைதான், வலக்கைப் பக்கம் தாதுகோபம் இருக்கும்படி.

படம் எடுக்கும்போது புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். யாரும் சத்தம் போடாவிட்டாலும் அங்கே கும்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் மனம் நோகும். பிக்கு ஒருவரிடம் ஏதாவது கேட்க நேர்ந்தால் "ஹாமுதுருவனே" என்று கூப்பிட்டுக் கைகூப்பிப் பேசுங்கள். சிங்களம் அவ்வளவாக வராத என்னிடம்கூட அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு பொறுமையாக நின்று வழி சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

10. முதலில் ஆராதனா கல், பிறகு மகா சேய

ஆராதனா கல் என்பது தட்டின் ஓரத்தில் எழுந்து நிற்கும் மொட்டைப் பாறை. பாறையிலேயே வெட்டிய சிறு படிகள், பிடிக்க இரும்புக் கம்பி. குறுகலான வழி, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவரையொருவர் உரசித்தான் போக வேண்டும். எட்டரை மணிக்கு முன் போனால் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். பத்து மணிக்குப் பாடசாலைச் சுற்றுலாப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், பாறையும் கம்பியும் சுடும். இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இரண்டு கையும் வெறுமையாக இருக்கட்டும். போனைச் சட்டைப்பைக்குள் போடுங்கள். மழை பெய்து ஈரமாக இருந்தால், காற்று பலமாக அடித்தால், தலைசுற்றல் உள்ளவர் என்றால் ஏற வேண்டாம். கீழே நின்று பார்ப்பதிலும் குறை ஒன்றும் இல்லை.

இறங்கி வந்து எதிர்ப்பக்கம் உள்ள மகா சேயவுக்கு ஏறுங்கள். மலையில் உள்ளவற்றில் பெரிய வெள்ளைத் தாதுகோபம் இதுதான். முற்றம் அகலமானது, நிழல் இல்லை, காற்று நிற்காது. மேற்கே பாருங்கள். காடும் குளங்களுமாகப் பச்சை விரிந்து கிடக்கும், தொலைவில் அனுராதபுரத்துத் தாதுகோபங்கள் மரங்களுக்கு மேலே குமிழ்குமிழாக நிற்கும். தெளிந்த காலையில் வெறும் கண்ணுக்கே தெரியும்.

11. மகிந்தர் குகை: காலுறை போடும் நேரம்

அம்பஸ்தலவில் இருந்து கீழ்நோக்கி ஒரு பாதை குகைக்குப் போகும். கரடுமுரடான பாதை, வெறுங்காலுக்கு உறுத்தும். கொண்டுவந்த காலுறையை இப்போது மாட்டிக்கொள்ளுங்கள்.

பெரிய பாறை ஒன்று இன்னொன்றின் மேல் சாய்ந்து நிற்க, அதன் அடியில் தட்டையான கல். அதுதான் மகிந்தரின் படுக்கை என்பார்கள். சுவர் கிடையாது, பாறை மட்டுமே கூரை. என்னோடு வந்த பலர் எட்டிப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று திரும்பினார்கள். நீங்கள் அப்படித் திரும்பாதீர்கள். ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கீழே காடு, காற்று நேரே முகத்தில் அடிக்கும், மேலே இருக்கும் கூட்டத்தின் சத்தம் கேட்காது. இத்தனை பெரிய மடாலயமும் இப்படி ஒரு கல்லில் இருந்து தொடங்கியது என்பதை எனக்கு உணர்த்தியது எந்தத் தாதுகோபமும் இல்லை, இந்த இடம்தான்.

12. செருப்பை மாட்டிக்கொண்டு நாகப் பொய்கை

வாசலுக்கு வந்து செருப்பை எடுங்கள். படியில் பாதி இறங்கியதும் இடப்பக்கம் ஒரு பாதை மலையைச் சுற்றிப் போகும். அதைத் தவற விடுகிறவர்கள்தான் அதிகம். கண் முழுக்க இறங்கும் படியில் இருக்கும், பாதை ஓரமாக ஒதுங்கியிருக்கும். கேட்டுப் போங்கள். "நாக பொக்குண" என்று சொன்னால் காட்டுவார்கள்.

பாறையிலேயே குடைந்த நீளமான குளம் அது. பின்னால் பாறைச் சுவரில் ஐந்து தலை நாகம் ஒன்று தண்ணீரில் இருந்து எழுவதுபோல் செதுக்கப்பட்டிருக்கும். நீர் நிறைந்திருக்கும் மாதத்தில் தலைகள் மட்டும் மேலே தெரியும், அதன் நிழல் தண்ணீரில் ஆடும். மலையில் பெய்த மழை இங்கே சேர்ந்து, இங்கிருந்துதான் கீழே பிக்குகளுக்குப் போனது. இதை நினைவில் வையுங்கள், அடுத்த இடத்துக்கு வேண்டும். குளிக்கவோ கால் கழுவவோ இறங்காதீர்கள். ஓரம் பாசி பிடித்து வழுக்கும்.

இன்னும் தெம்பு இருந்தால் இந்தப் பாதையைத் தொடர்ந்து போய் எத் வெஹெரவுக்குப் படி ஏறலாம். மலையின் உச்சி அதுதான், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 300 மீட்டர். தாதுகோபம் சிறியது, அங்கே ஏறுவது அமைதிக்கும் காட்சிக்கும்தான். குழந்தைகளோடு வந்தவர்கள் இதை விட்டுவிடலாம்.

13. நடுத் தட்டு: இப்போது நிதானமாக

முதலில் சிங்கப் பொய்கை. பின்காலில் எழுந்து நிற்கும் ஒரு கல் சிங்கம், அதன் வாய் வழியாகத் தண்ணீர் விழும்படி அமைத்திருக்கிறார்கள். சற்றுமுன் பார்த்த நாகப் பொய்கையில் இருந்து வந்த நீர் அது. மேலிருந்து கீழே வந்தவர்களுக்குத்தான் இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியும். கீழிருந்து ஏறும்போது பார்த்தவர்களுக்கு இது வெறும் சிலையாகவே போய்விடும்.

பிறகு போசனசாலை. நீண்ட கல் தொட்டிகள் இரண்டைத் தேடுங்கள். ஒன்று சோற்றுக்கு, மற்றது கஞ்சிக்கு. ஒரு தொட்டியின் பக்கத்தில் நின்று அதன் நீளத்தைக் காலடியால் அளந்து பாருங்கள். அதில் சோறு நிறைந்தால் எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்கள் என்பது தானாகவே புரியும்.

அருகில் இரண்டு பெரிய கல்வெட்டுப் பலகைகள். 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் என்ற அரசன் இந்த மடாலயத்துக்கு எழுதிக் கொடுத்த சட்டம். பிக்குகள் விடியலில் எழுந்து தியானம் செய்ய வேண்டும், பல் துலக்க வேண்டும் என்பதில் தொடங்கி, வேலையாட்களுக்கு எவ்வளவு கூலி, கணக்கை எப்படி எழுத வேண்டும் என்பது வரை இருக்கிறது. பலர் இதைக் கடந்துபோய் நிழலில் உட்காருகிறார்கள். உட்காருங்கள், ஆனால் இதன் முன்னால் உட்காருங்கள். கண்ணில் படும் தொட்டிக்கும் தூணுக்கும் வாழ்க்கை கொடுப்பது இந்தப் பலகைகள்தான்.

14. கடைசியாக அடிவாரத்து மருத்துவமனை

எல்லோரும் நேரே வாகனத்துக்கு ஓடும் இடம் இது. படியடியிலேயே இருக்கிறது, பத்து நிமிடம்தான். சிறு சிறு அறைகளாகப் பிரிந்த செங்கல், கல் அடித்தளம். அதற்குள் ஒரே கல்லில் குடைந்த மருந்துத் தொட்டி ஒன்று. உள்ளே மனித உடலின் வடிவம் வெட்டப்பட்டிருக்கும்: தலைக்கு ஒரு குழி, தோளுக்கு அகலம், காலுக்கு ஒடுக்கம். நோயாளியைப் படுக்கவைத்து மூலிகை எண்ணெய் நிரப்பும் தொட்டி. உடல் வடிவில் வெட்டியதால் கொஞ்ச எண்ணெயிலேயே ஆள் முழுவதும் மூழ்கலாம். விலைகூடிய மருந்து வீணாகாது.

தொட்டிக்குள் படுத்துப் படம் எடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது அது.

இதற்கு மேலும் நேரம் இருந்தால், வாகனத்தில் மலையின் மேற்குப் பக்கம் உள்ள கலுதிய பொக்குணவுக்குப் போங்கள். கருநீர்க் குளம் என்று பொருள். காட்டுக்குள் பெரிய குளமும் அதன் கரையில் ஒரு மடாலயத்தின் இடிபாடுகளும். ஆள் நடமாட்டம் குறைவு, அதனால் தனியாகப் போக வேண்டாம், மாலை ஐந்துக்குள் திரும்பிவிடுங்கள். சாப்பாட்டைக் கட்டி வந்திருந்தால் போகும் வழியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். குரங்குகள் அங்கும் உண்டு.